மரவேலைக் கண்காட்சிக்குப் போவதா, விடுவதா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் வாள் பிளேட் தீட்டும் கடை வைத்திருக்கிறேன். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, கந்தளாய் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓடாவிமாரும் (தச்சர்களும்) தளபாடக் கடைக்காரர்களும் வருவார்கள். பிளேட் கைக்கு வரும்வரை நின்று பேசும் பேச்சில் சில காலமாக ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப எழுகிறது: கண்காட்சிகள் முன்னைப் போல இல்லை, போய் என்ன பிரயோசனம்? கொழும்பில் ஸ்டால் போடும் மெஷின் விற்பனையாளர்கள் இந்தப் பக்கம் வந்தால் அதே கேள்வியை மறுகரையிலிருந்து கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். முதலிலிருந்து படியுங்கள். பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

மரவேலைக் கண்காட்சி என்றால் அங்கே என்ன நடக்கும்? நான் ஒருநாளும் போனதில்லை.

மெஷின், பிளேட், பசை, பாலிஷ், கதவுப் பூட்டு, மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை விற்பவர்கள் ஒரு பெரிய மண்டபத்தில் இடம் வாடகைக்கு எடுத்து, சில நாட்களுக்குத் தங்கள் பொருட்களை வைத்துக் காட்டுவார்கள். தொழில் செய்பவர்கள் போய்ப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், சிலர் அங்கேயே ஓடர் கொடுப்பார்கள். நம் நாட்டில் பெரிய கண்காட்சிகள் பெரும்பாலும் கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும். மரவேலைக்கென்றே தனியாக நடப்பதும் உண்டு, கட்டுமானக் கண்காட்சிக்குள் ஒரு பகுதியாக வருவதும் உண்டு.

உலக அளவில் பெரியது ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் நடக்கும் லிக்னா. 1975-இல் தொடங்கியது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அமெரிக்காவில் அட்லாண்டா, இந்தியாவில் பெங்களூரு ஆகிய நகரங்களிலும் பெரிய கண்காட்சிகள் உண்டு.

கூட்டம் குறைஞ்சது உண்மைதானா, இல்லாட்டி எங்களுக்குத்தான் அப்படித் தெரியுதா?

உண்மைதான். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. லிக்னாவுக்கு 2019-இல் வந்தவர்கள் சுமார் 90,000 பேர். 2023-இல் அது சுமார் 80,000 ஆனது. இது சரிவுதான், சாவு இல்லை. அதே ஹனோவர் மைதானத்தில் நடந்த செபிட் என்ற கணினிக் கண்காட்சியின் கதை வேறு. 2001 வாக்கில் 8 லட்சம் பேருக்கு மேல் வந்த இடம் அது. 2018-இல் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர்தான் வந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் இனி நடத்துவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். 1905-இல் தொடங்கிய ஜெனீவா மோட்டார் கண்காட்சியும் 2024-இல் முடிவுக்கு வந்தது.

இந்தியாவில் நிலைமை நேர்மாறு. அங்கே அலுமாரி, சமையலறைக் கபேட் எல்லாம் கைவேலையிலிருந்து தொழிற்சாலைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. முதல்முறை மெஷின் வாங்குபவர்கள் நிறையப் பேர் இருப்பதால் பெங்களூரு, டெல்லிக் கண்காட்சிகளில் கூட்டத்துக்குக் குறைவில்லை. புதிதாக வாங்குபவர்கள் இருக்கும் ஊரில் கண்காட்சி நிலைத்து நிற்கும், ஏற்கெனவே எல்லாரிடமும் மெஷின் இருக்கும் ஊரில் தளரும் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

ஏன் இப்படி ஆச்சு? கொரோனாதான் காரணமா?

கொரோனா வேகப்படுத்தியது. 2020 அட்லாண்டா கண்காட்சி ரத்தானது. 2021 லிக்னா மண்டபத்தில் நடக்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற பழக்கம் ஒருதடவை அறுந்தபோது, போகாமலே தொழில் நடக்கிறது என்பது வாங்குபவருக்கும் தெரிந்துவிட்டது, விற்பவருக்கும் தெரிந்துவிட்டது. நம் நாட்டில் அதற்கு மேல் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. காலையில் அச்சடித்த விலைப்பட்டியல் மாலையில் செல்லாது என்றால் யார் ஸ்டால் போடுவார்கள்?

ஆனால் வேர் அதற்கு முன்பே ஆடத் தொடங்கிவிட்டது. கண்காட்சி முன்பு மூன்று விஷயம் தந்தது: புதிதாக என்ன வந்திருக்கிறது என்ற செய்தி, என்ன விலை என்ற தகவல், கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு. முதல் இரண்டும் தொலைபேசிக்குள் போய்விட்டன. ஒரு உதாரணம் சொல்கிறேன். விரல் பட்டவுடன் பிளேடை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் நிறுத்திவிடும் சோஸ்டாப் வாளை ஸ்டீவ் காஸ் என்பவர் 2000 ஆகஸ்டில் அட்லாண்டா கண்காட்சியில்தான் தொழிலுலகத்துக்குக் காட்டினார். விரலுக்குப் பதில் ஒரு சாசேஜை ஓடும் பிளேடில் வைத்துக் காட்டினார். அன்று அதைப் பார்க்க அட்லாண்டாவில் இருந்தாக வேண்டும். இன்று அப்படி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அடுத்த நாள் பாலையூற்றில் தேநீர்க் கடையில் இருப்பவர் கையிலும் அந்த வீடியோ இருக்கும். செய்திக்காகக் கண்காட்சி வரை காத்திருந்த காலம் போய்விட்டது.

மூன்றாவது விஷயமான தொட்டுப் பார்ப்பதைத் தொலைபேசி எடுத்துக்கொள்ள முடியாது. கண்காட்சிகள் தங்களிடம் மிஞ்சிய அந்த ஒன்றையும் சரியாகத் தராமல் விட்டதுதான் எனக்கு மனக்கஷ்டமான பகுதி. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

யூடியூபில் எல்லாமே இருக்கே. பிறகு எதுக்கு 260 கிலோமீற்றர் பஸ்ஸில் போறது?

செய்திக்கும் விலைக்கும் போக வேண்டாம். அதை வீட்டிலிருந்தே பாருங்கள். போவதென்றால் வீடியோவில் தெரியாததைப் பார்க்கப் போங்கள். மரத்தை ஒட்டித் தள்ளும் சட்டமான ஃபென்ஸை இறுக்கிவிட்டு அதன் மறுமுனையைக் கையால் தள்ளினால் அசைகிறதா, மேசை வார்ப்பிரும்பா அல்லது மெல்லிய தகடா, மட்டம் மாற்றும் சக்கரம் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, மோட்டார் தொடங்கும்போது விளக்கு மங்குகிறதா என்பதெல்லாம் கைக்கும் காதுக்கும்தான் தெரியும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். யூடியூபில் மெஷினைப் பற்றிப் பேசுபவர்களில் பலருக்கு அந்த மெஷின் இலவசமாக வந்திருக்கும். அது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வெட்டுவது பைன் மரம், அவரது கூடத்தில் தூசி உறிஞ்சும் குழாய் இருக்கிறது, கடல் உப்புக் காற்று இல்லை. சாம்பல்தீவில் தகரக் கொட்டகைக்குள் முதிரை என்ற கடின மரத்தை அறுக்கும் ஆளுக்கு அந்த வீடியோ பாதிப் பதில்தான்.

கண்காட்சியில் மெஷினை ஓட்டிக் காட்டுறதே இல்லை. சும்மா நிற்கிற மெஷினைப் பார்த்து என்ன செய்யிறது?

இதுதான் நான் அதிகம் கேட்கும் குறை, நியாயமான குறையும்கூட. ஏன் ஓட்டுவதில்லை என்பதற்குக் காரணங்கள் உண்டு. மண்டபத்துக்குள் மூன்று ஃபேஸ் மின்சாரம் எடுக்கத் தனிச் செலவு. மரத்தூள் பறந்தால் பக்கத்து ஸ்டால்காரர் சண்டைக்கு வருவார், தீப்பிடிக்கும் பயமும் உண்டு. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. எனவே தூசி உறிஞ்சும் வசதி இல்லாமல் ஓட்டக்கூடாது என்பதும் சரிதான். லிக்னாவில் மெஷின்கள் ஓடும், வெட்டும். அதற்கேற்ற ஏற்பாட்டுக்குக் காசு செலவழிக்கிறார்கள். இங்கே அந்தச் செலவைக் குறைத்ததும் கண்காட்சிக்குப் போகும் காரணமும் கூடவே குறைந்துவிட்டது.

நிற்கும் மெஷினிலும் பார்க்க முடிந்தது நிறைய இருக்கிறது. மின்சாரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரப்புத் தெரிந்தால் பெயரிங் நல்லதில்லை. மேசையில் வைத்துப் பார்க்க ஒரு நேரான இரும்பு அடிமட்டம் கொண்டுபோங்கள். மூடியைத் திறக்கச் சொல்லி பெயரிங் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 6204, 6205 மாதிரி எல்லா இடத்திலும் கிடைக்கும் அளவாக இருந்தால் நாளைக்கு நகரக் கடையிலேயே வாங்கலாம். மோட்டார் தகட்டைப் படம் எடுங்கள். அதில் வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ் எல்லாம் இருக்கும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மெதுவாகவும் கூடுதல் சூட்டோடும் ஓடும். விற்பவர் இதையெல்லாம் பார்க்க விடவில்லை என்றால் அடுத்த ஸ்டாலுக்குப் போங்கள்.

எங்கட முதிரைத் துண்டைக் கொண்டுபோய் வெட்டிக் காட்டச் சொல்லலாமா?

கட்டாயம் கேளுங்கள். ஓட்டிக் காட்டும் ஸ்டாலிலும் புது பிளேடைப் போட்டு எம்டிஎஃப் அல்லது மென்மையான மரத்தைத்தான் வெட்டுவார்கள். எம்டிஎஃப் கன மீற்றருக்கு 700 கிலோ அளவில் இருக்கும். காய்ந்த முதிரை 900 கிலோவுக்கும் மேலே போகும், பாலை அதைவிடக் கனம். எம்டிஎஃப்பை வெண்ணெய் போல வெட்டும் 2 குதிரைவலு மெஷின், இரண்டு அங்குல முதிரையை நீளவாக்கில் அறுக்கும்போது மூச்சுத் திணறி மரத்தில் கருப்புத் தழும்பு விடலாம். அந்தத் தழும்பைப் பார்க்கத்தான் நீங்கள் போகிறீர்கள்.

நீளவாக்கு அறுப்புக்கு 10 அங்குல பிளேடில் 24 பல், குறுக்கு வெட்டுக்கு 60 அல்லது 80 பல் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பல் கூடின பிளேடால் நீளவாக்கில் அறுத்து மெஷினைக் குறை சொன்னால் அது விற்பவருக்கு அநியாயம். கொண்டுபோவது ஒரு அடித் துண்டாக இருக்கட்டும், மரம் வாங்கிய பில்லும் பையில் இருக்கட்டும். முதிரைக் குற்றிகள் பிடிபடும் செய்தி அடிக்கடி வரும் மாவட்டம் நம்முடையது. வழியில் கேள்வி வந்தால் பதில் இருக்க வேண்டும்.

கண்காட்சியில் விலை குறைவாமே?

சில நேரம் குறைவு, பல நேரம் குறைந்த மாதிரி ஒரு தோற்றம். முன்பே இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு எழுதிக்கொண்டு போனவருக்கே அது தெரியும். 18 சதவீத வற் வரி சேர்த்த விலையா, திருகோணமலை வரை லொறிக் கூலி யாருடையது, இறக்கி நிறுத்தி ஓட்டித் தருவது சேர்ந்ததா என்ற மூன்றையும் கேட்டபிறகு மிஞ்சுவதுதான் விலை.

உண்மையான மலிவு கடைசி நாள் மாலையில் கிடைக்கும். காட்சிக்கு வைத்த மெஷினைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போவது அவர்களுக்குச் செலவு, அதைவிட விற்றுவிட்டுப் போகவே பார்ப்பார்கள். வாங்கினால் முழு உத்தரவாதம் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள்.

மெஷின் பழுதானால் திருகோணமலைக்கு யார் வருவார்கள்?

விலையைவிட முக்கியமான கேள்வி இது, ஆனால் விலைக்குப் பிறகே கேட்கிறார்கள். நிறைய விற்பனையாளர்களின் மெக்கானிக் கொழும்பிலோ மொறட்டுவையிலோதான் இருப்பார். கந்தளாயில் ஒரு வேலைத்தளம் இரண்டு கிழமை மெஷின் நின்றால், கைக்கு வந்த ஓடரைப் பக்கத்து ஊரிடம் இழக்கும்.

ஸ்டாலில் நிற்கும் விற்பனைப் பொடியனிடம் இதைக் கேட்டு ஆகாது. "உங்கள் மெக்கானிக் இன்றைக்கு வந்திருக்கிறாரா?" என்று கேளுங்கள். வந்திருந்தால் அவரோடு பேசி அவர் இலக்கத்தை வாங்குங்கள். வரவில்லை என்றால், கிழக்கு மாகாணத்தில் இதே மெஷின் யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களுக்கு அங்கேயே நின்று தொலைபேசி எடுங்கள். மெஷினைப் பற்றி வாங்கியவர் சொல்லும் ஐந்து நிமிடத்துக்கு எந்தக் கையேடும் ஈடாகாது. பெல்ட், கார்பன் பிரஷ், சுவிட்ச் ஆகிய மூன்றும் அன்றைக்கே ஒவ்வொன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். நம் உப்புக் காற்றுக்கு மேசையில் பூச மெழுகும் வேண்டும்.

ஆங்கிலமும் சிங்களமும் எனக்குச் சரளமா வராது. போனால் யாரும் கவனிக்கமாட்டினம்.

இது பலர் வெளியே சொல்லக் கூச்சப்படும் காரணம். கூட்டம் குறைந்ததில் இதற்கும் பங்கு இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் பேசும் தச்சர்கள் எத்தனையோ பேர் இருக்க, தமிழில் ஒரு விலைத்தாள்கூட இல்லாத ஸ்டால்கள் இருக்கின்றன. கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், எண்களுக்கு மொழி தேவையில்லை. மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது இன்னும் நல்லது. பாதுகாப்புக் குறிப்பு மட்டும் தமிழில் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அது நீங்கள் கெஞ்சிக் கேட்கும் சலுகை இல்லை, மெஷினை ஓட்டப்போகும் ஆளின் விரல் சம்பந்தப்பட்டது.

மகன் என்.வி.கியூ (தேசியத் தொழில் தகைமை) தச்சு வேலை படிக்கிறான். அவனைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கூட்டிப் போங்கள். வாங்கும் எண்ணம் இல்லாதவர்களில் நான் போகச் சொல்லும் ஒரே ஆள் படிக்கும் பிள்ளைதான். படத்தில் பார்த்த மெஷினைப் பக்கத்தில் பார்த்தால் அவனுக்கு வேறொரு ஆர்வம் வரும். அவன் ஸ்டாலில் கேட்கும் கேள்விகளை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். ஊர் திரும்புவதற்கு முன் மொறட்டுவைத் தளபாடத் தெருவையும் ஒரு சுற்று காட்டிவிடுங்கள்.

இனி ஸ்டால் போடுபவர்கள் பக்கம். "லட்சக்கணக்கில் செலவழிக்கிறோம், வருகிறவர்கள் பையையும் கேட்லொக்கையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாங்கள் ஏன் வரவேண்டும்?"

செலவு எனக்குத் தெரியும். தரை வாடகை, ஸ்டால் கட்டுவது, மெஷினை லொறியில் ஏற்றி இறக்குவது, மின்சாரம், ஆட்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம். அமெரிக்காவில் பெட்டியை வாசலிலிருந்து ஸ்டாலுக்கு நகர்த்தவே எடைக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குகிறார்கள். டன் கணக்கில் கனக்கும் மரவேலை மெஷின் வைத்திருப்பவருக்கு அது மற்ற எந்தத் தொழிலையும்விடக் கூடுதல் அடி. ஆகவே உங்கள் கசப்பு நியாயமானது.

ஆனால் பைக்காக வருகிறார்கள் என்பதோடு நான் உடன்படமாட்டேன். இரவு பஸ்ஸில் தூங்காமல் வந்த ஒரு ஓடாவி பையோடு திரும்பினால், அங்கே பையைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஓடாத மெஷின், பெயரிங் எண் தெரியாத பொடியன், "பிறகு விலை அனுப்புகிறோம்" என்ற பதில். மேலே மூன்றாவது கேள்வியில் சொன்னேன், தொட்டுப் பார்ப்பது ஒன்றுதான் கண்காட்சியிடம் மிஞ்சியிருக்கிறது. அதைத் தாருங்கள். பத்து மெஷினை நிறுத்தி வைப்பதைவிட இரண்டை ஓட்டுங்கள். விற்பனைக்கு மூன்று பேரை அனுப்புவதைவிட ஒரு மெக்கானிக்கை அனுப்புங்கள். வந்தவர் பெயரை எழுதி வாங்கினால் அந்தக் கிழமையே அழையுங்கள். என் கடைக்கு வருபவர்கள் சொல்வதில் மிகவும் வருத்தமானது இதுதான்: இலக்கம் கொடுத்துவிட்டு வந்தோம், ஒருவரும் எடுக்கவில்லை.

பெரிய கம்பனிகளே பின்வாங்குகின்றனவே. அவர்களுக்குத் தெரிந்தது என்ன?

சொந்த இடத்தில் காட்டினால் மலிவு என்பது தெரிந்திருக்கிறது. மரவேலை மெஷின் செய்யும் ஜெர்மனியின் ஹோமாக் தன் ஊரான ஷோப்ஃப்லோக்கில் சொந்தக் காட்சி நாட்களை நடத்துகிறது. இத்தாலியின் பியெஸ்ஸே பெசாரோவில் அதே மாதிரி நடத்துகிறது. அங்கே போட்டியாளர் இல்லை, மெஷின் ஏற்கெனவே பூட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, வருபவர் வாங்க நினைப்பவர் மட்டும். கம்பனிகள் ஒன்றோடொன்று சேர்வதும் ஒரு காரணம். ஹோமாக்கின் பெரும்பங்கை 2014-இல் ட்யூர் என்ற இன்னொரு ஜெர்மன் கம்பனி வாங்கியது. மேலே சொன்ன சோஸ்டாப்பை 2017-இல் ஃபெஸ்டூல் என்ற மின்கருவிக் கம்பனியின் தாய் நிறுவனம் வாங்கியது. இரண்டு பெயர் ஒன்றானால் இரண்டு ஸ்டால் ஒன்றாகிறது.

வாங்குபவருக்கு இதில் நட்டமும் உண்டு. கம்பனியின் சொந்தக் கூடத்தில் இன்னொரு மெஷினோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. நான்கு போட்டியாளர்கள் ஒரே கூரைக்குக் கீழே நிற்பதுதான் சிறிய ஆளுக்குப் பேரம் பேசும் பலம். பொதுக் கண்காட்சி முழுவதும் அழிந்துபோகக் கூடாது என்று நான் விரும்புவதும் அதனால்தான்.

கொரோனா நேரம் செய்த மாதிரி இணையத்திலேயே நடத்தினால் என்ன?

செய்து பார்த்தார்கள். அட்லாண்டா 2020-இலும் லிக்னா 2021-இலும் இணையத்துக்குப் போயின. வசதி வந்ததும் இரண்டும் மண்டபத்துக்கே திரும்பிவிட்டன. யூடியூப் பற்றிய பதிலைப் பாருங்கள், காரணம் அதுவேதான்.

தளபாடம் செய்கிற நாங்கள் ஸ்டால் போடலாமா? யாழ்ப்பாணத்தில் ஜனவரியில் நடக்குதே.

யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடக்கும், 2010-இல் தொடங்கிய சர்வதேச வர்த்தகக் கண்காட்சி பொதுமக்கள் குடும்பத்தோடு வரும் இடம், மெஷின் வாங்குபவர்கள் வரும் இடம் இல்லை. அது உங்களுக்கு நல்லதுதான். ஆனால் கட்டிலும் அலுமாரியும் ஏற்றிக்கொண்டு போய் விற்காமல் திருப்பிக் கொண்டுவந்தால் லாபம் லொறியோடு போய்விடும். அழகாகச் செய்த இரண்டு துண்டு, மூட்டுத் தெரிய அறுத்து வைத்த ஒரு மாதிரி, மரத் துண்டுகள், ஓடர் புத்தகம் ஆகியவை போதும். முதல்தடவை பக்கத்து ஊர்க்காரரோடு சேர்ந்து ஒரு ஸ்டாலைப் பகிருங்கள்.

நம் மரத்தின் பெயரையும் சொல்லி விற்கலாம். சிங்களத்தில் ஹல்மில்ல என்று சொல்லும் மரத்துக்கு ஆங்கில மர வியாபாரத்தில் திருகோணமலை மரம் என்றே பெயர். சென்னைக் கடற்கரையில் அலைக்குள் போய்வந்த மசூலாப் படகுகளுக்கு அந்த மரம் போனது. அந்தப் பெயர் ஊர் ஊராகப் போனதற்கு மரத்தின் தரம்தான் காரணம்.

திருகோணமலையிலேயே ஒரு கண்காட்சி நடத்தினால் ஆட்கள் வருவார்களா?

பெரிய கண்காட்சி வேண்டாம் என்பது என் கருத்து. மைதானத்தில் பந்தல் போட்டு, ஸ்டால் வாடகை வாங்கி, தலைவர்களை மேடையில் ஏற்றி நடத்தினால் கொழும்பின் அதே குறைகள் சிறிய அளவில் இங்கே வரும்.

நான் விரும்புவது ஒரு நாள் ஓட்டிக் காட்டுவது. மூன்று ஃபேஸ் இணைப்பும் திறந்த முற்றமும் உள்ள ஒரு மரக்காலையோ வேலைத்தளமோ இடம் தரட்டும். இரண்டு அல்லது மூன்று விற்பனையாளர்கள் தலா ஒரு மெஷினையும் மெக்கானிக்கையும் கொண்டுவரட்டும். வருபவர் தன் மரத்தோடு வரட்டும். மண்டப வாடகை இல்லை, தங்கும் செலவு ஒரு இரவு. விற்பனையாளருக்கும் கொழும்பு ஸ்டாலின் செலவில் சிறு பங்குதான் ஆகும், எதிரே நிற்பவர் வேலை தெரிந்த ஆளாகவும் இருப்பார்.

நாளைப் பார்த்து வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருக்கிறது, நோன்பு மாதமும் தீபாவளிக்கு முந்திய கிழமைகளும் சரிவராது. நவம்பர் முதல் ஜனவரி வரை மழை. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கு மே மாதம் சீசன் தொடங்குவதால் மார்ச், ஏப்ரலில் தளபாட வேலை கழுத்தைப் பிடிக்கும். நோன்பு வராவிட்டால் பெப்ரவரியின் ஒரு ஞாயிற்றுக்கிழமையோ, ஹோட்டல் கூட்டம் குறைந்தபிறகு ஒக்டோபரின் தொடக்கமோ எனக்குச் சரியாகப் படுகிறது. இடம் தர முடிந்தவர்கள் கடைக்கு வந்து பேசுங்கள்.

கொழும்பை விட்டுவிட்டு நேரா பெங்களூரு போனால் நல்லதா?

பார்ப்பதற்கு நல்லது, வாங்குவதற்கு யோசியுங்கள். மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதில் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே வாங்கிய மெஷினுக்கு இங்குள்ள முகவர் உத்தரவாதம் தராமல் கைவிரிக்கலாம். கப்பல் கூலி, சுங்கம், வரி எல்லாம் சேர்ந்தபிறகு கொழும்பு விலையைத் தாண்டவும் கூடும். கொள்கலன் கொழும்புத் துறைமுகத்துக்கு வரும், அங்கிருந்து லொறி பிடிக்க வேண்டும். ஒரு பெரிய வேலைத்தளம் சிஎன்சி ரூட்டர் (கணினி இயக்கும் செதுக்கு மெஷின்), எட்ஜ் பேண்டர் (பலகை விளிம்பில் பட்டி ஒட்டும் மெஷின்) மாதிரி பெருஞ்செலவில் இறங்கப்போகிறது என்றால் போய்வரும் செலவு தகும். மேசை வாள் ஒன்றுக்காகப் போகாதீர்கள்.

"இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால்தான் இந்த விலை" என்கிறார்கள். கட்டலாமா?

மெஷினை ஓட்டிப் பார்த்தீர்கள், மெக்கானிக்கோடு பேசினீர்கள், ஏற்கெனவே வைத்திருப்பவரிடமும் விசாரித்தீர்கள் என்றால் ஒரு சிறிய தொகை கட்டலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கட்டாதீர்கள். உண்மையில் விற்க நினைப்பவர் அடுத்த கிழமையும் அதே விலைக்குத் தருவார்.

கட்டுவதாக இருந்தால் ரசீதில் மெஷினின் மாதிரி எண், வற் சேர்த்த மொத்த விலை, திருகோணமலையில் ஒப்படைக்கும் தேதி, தேதி தவறினால் பணம் திரும்பும் என்ற வரி ஆகியவை இருக்க வேண்டும். உத்தரவாதம் மெஷின் உங்கள் கூடத்தில் ஓடத் தொடங்கும் நாளிலிருந்து என்று எழுதச் சொல்லுங்கள். காட்சிக்கு வைத்த மெஷினையே வாங்கினால் அதன் தொடர் எண்ணை அங்கேயே படம் எடுத்துவிடுங்கள், லொறியில் வருவதும் அதுவா என்று இறக்கும்போது சரிபாருங்கள். மீதிப் பணத்தை, உங்கள் மரத்தை அதில் ஒருதடவை அறுத்துப் பார்த்தபிறகு கொடுங்கள்.